‘ஒன்லி’யை எங்க வைக்கிறது?

போன மாதம் தங்கச்சியின் ஆங்கிலப் பேப்பர் ஒன்று சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ரியூசன் பேப்பர்தான். ஓ.எல். நெருங்க நெருங்க கிழமைக்கு ரெண்டு வருகிறது. அவள் எழுதிய ஒரு வசனத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் பெரிய வட்டம்.

‘ஷி ஸ்லோலி வோக்ட் இன்டு த ரூம்.’

அவள் மெதுவாக அறைக்குள் நடந்தாள். அவ்வளவுதான் வசனம். அதை வெட்டி மேலே இப்படி எழுதியிருந்தது: ‘ஷி வோக்ட் ஸ்லோலி இன்டு த ரூம்.’ அரைப் புள்ளி போய்விட்டது.

(ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். மனதுக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கோ. சத்தமும் தேவைப்படும், ஏன் எண்டு பிறகு விளங்கும்.)

“ரெண்டுக்கும் என்ன அக்கா வித்தியாசம்?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரேல்ல. வராததுக்குக் காரணம், ரெண்டுமே சரி. ‘ஷி வோக்ட் இன்டு த ரூம் ஸ்லோலி’ என்று கடைசியில் கொண்டுபோய் வைத்தாலும் சரி. ஒரு ஆங்கிலேயர் இந்த மூன்றில் எதை வாசித்தாலும் நின்று திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிறகு ஏன் வெட்டினவை? எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். எங்கட வகுப்புகளில் ‘விதம், இடம், நேரம்’ என்று ஒரு வரிசையைப் பாடமாக்க வைப்பார்கள். எப்படி, எங்கே, எப்போது. மெதுவாக, அறைக்குள், நேற்று. இந்த வரிசை பொய்யில்லை. ஆனால் வினைச்சொல்லுக்குப் பின்னால் ரெண்டு மூன்று சொற்றொடர்கள் குவிந்துவிட்டால் அவற்றை எப்படி அடுக்குவது என்பதற்கான வழிகாட்டல் அது. வினைக்கு முன்னால் ஒன்றும் வரக்கூடாது என்று அது சொல்லவேயில்லை. பாடமாக்கிய வாய்ப்பாட்டுக்குள் ‘ஸ்லோலி’ முன்னால் நிற்க இடமில்லை, ஆகவே பிழை.

இதில் எனக்கு எரிச்சல் வரக் காரணம் அரைப் புள்ளி இல்லை. தமிழில் யோசிக்கிற ஒரு பிள்ளைக்கு இயல்பாக வருகிற இடமே அதுதான். எங்கட மொழியில் வினை கடைசியில் நிற்கும், மற்றதெல்லாம் அதுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். ‘மெதுவாக அறைக்குள் நடந்தாள்’ என்றாலும், ‘அறைக்குள் மெதுவாக நடந்தாள்’ என்றாலும் ‘மெதுவாக’ நடப்பதற்கு முன்னால்தான். அந்தப் பழக்கத்தோடு அவள் ஆங்கிலத்துக்குள் போனாள், ஆங்கிலமும் “பரவாயில்லை, வா” என்று கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. இடையில் நின்று கதவைச் சாத்தினது சிவப்புப் பேனை.

ஒரு ஆங்கில ரீச்சராக இருக்கிற என் சிநேகிதியிடம் இதைச் சொன்னேன். அவவுக்குக் கோபம். “நாப்பது பிள்ளையள், நாப்பது நிமிசம். அதில பாதிப் பேர் ஒரு வசனம் முழுசா எழுத மாட்டினம். நீ வந்து மூண்டும் சரி எண்டு சொன்னா அதுகள் ஒண்டையும் எழுதாதுகள். ஒரு வழியைக் காட்டினா அதில எண்டாலும் போகுங்கள்” என்றா. இதில் நியாயம் இருக்கு. நான் வகுப்பில் நிற்கிற ஆள் இல்லை, மேசையில் இருந்து எழுதுகிற ஆள். ஆனால் ஒரு வழியைக் காட்டுவது ஒன்று, மற்ற வழியால் வந்த பிள்ளைக்குப் பிழை போடுவது வேறொன்று. முதலாவதுக்குத்தான் அவவின் நியாயம் பொருந்தும்.

சரி, எல்லா இடமும் சரியா என்றால் அதுவும் இல்லை. இங்கேதான் விசயம் சுவாரசியமாகிறது, இதைத்தான் வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரேல்ல.

‘ஷி லுக்ட் குயிக்லி அட் த லெட்டர்’ என்று சொல்லலாம். கடிதத்தை விரைவாகப் பார்த்தாள். ஆனால் ‘ஷி ரெட் குயிக்லி த லெட்டர்’ என்று சொன்னால் காதில் இடிக்கும். ரெண்டும் ஒரே கடிதம், ஒரே அவசரம். என்ன வேறுபாடு? முதலாவதில் ‘அட்’ இருக்கு. ‘ரெட்’ என்ற வினை கடிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கு, அந்தக் கைக்கும் கடிதத்துக்கும் நடுவில் இன்னொரு சொல் நுழைவதை ஆங்கிலம் விரும்பாது. ‘லுக்ட் அட்’டில் கடிதத்தைப் பிடித்திருப்பது ‘அட்’. அதனால் வினைக்கும் ‘அட்’டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஒழுங்கை இருக்கு, அதுக்குள்ளால் ஒரு வினையடை போகலாம். ‘அட்’டுக்கும் கடிதத்துக்கும் நடுவில் மட்டும் போகேலாது: ‘லுக்ட் அட் குயிக்லி த லெட்டர்’ சரிவராது. (நேர்ச் செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் முதல் விதி கொஞ்சம் இளகும். அதை இப்ப விடுவம்.)

இன்னும் ஒரு படி. ‘ஷி லுக்ட் அப் த வேர்ட்’, அகராதியில் சொல்லைத் தேடிப் பார்த்தாள். இங்கேயும் ஒரு சின்னச் சொல் இருக்கிறதே என்று நினைத்து ‘லுக்ட் குயிக்லி அப் த வேர்ட்’ என்று எழுதினால் பிழை. ஏனென்றால் இந்த ‘அப்’ சொல்லைப் பிடித்திருக்கவில்லை, அது வினையின் வால். வாலுக்கும் உடம்புக்கும் நடுவில் ஆணி அடிக்கேலாது. ‘ஷி குயிக்லி லுக்ட் அப் த வேர்ட்’ என்று முன்னால் வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆங்கில இலக்கணகாரர் இதையே ஒரு சோதனையாகப் பாவிக்கிறார்கள்: நடுவில் வினையடை நுழையுதா, அப்ப அது உண்மையான முன்னிடைச்சொல். நுழையேல்லையா, அது வினையின் பாகம்.

இப்ப யோசித்துப் பாருங்கோ. இறந்தகால வினை, அதுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல், இந்த ரெண்டும் இருக்கிற எந்த வசனத்திலும் பயமில்லாமல் வினையடையை வைக்கக்கூடிய இடம் எது? வினைக்கு முன்னால். ‘லுக்ட் அட்’ என்றாலும் சரி, ‘லுக்ட் அப்’ என்றாலும் சரி, ‘ரெட்’ என்றாலும் சரி, ‘குயிக்லி’ முன்னால் நின்றால் இடிக்காது. தங்கச்சி வைத்த இடம் அதுதான். தொடக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரேயொரு வழிதான் காட்டலாம் என்றால், இந்த வழியைத்தான் காட்டியிருக்கவேணும். (‘ஹாட்’ வந்தால் அதுக்குப் பின்னால், ‘ஹாட் குயிக்லி லுக்ட் அட்’. அதுவும் பிரதான வினைக்கு முன்னால்தான்.)

ஆனால் இடிக்குதா இல்லையா என்பது பாதி விசயம்தான். இடம் மாறினால் கருத்தும் மாறுகிற வினையடைகள் இருக்கு. எனக்குச் சூடு வைத்தது அதுகள்தான்.

மூன்று வருசத்துக்கு முதல், எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு மாமி காணிப் பிரச்சினை ஒன்றோடு வந்தா. கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவேணும். அரசியலமைப்பில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. நடைமுறையில், தமிழில் அனுப்பினால் பதில் வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒழுங்கைக்கே தெரியும். ஆகவே ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைத் தேடி வருவார்கள், எங்கட ஒழுங்கையில் அது நான். அங்கிருந்து கேட்டிருந்தார்கள், இந்த விசயத்தை யார் யாரிடம் கொண்டுபோனீர்கள் என்று. மாமி சொன்னா: “நான் காணி விசயமா விதானையாரோட மட்டும்தான் பிள்ளை கதைச்சனான். வேற ஒருத்தரிட்டயும் போகேல்ல.”

நான் எழுதினேன்: ‘ஐ ஒன்லி ஸ்போக் டு த கிராம நிலதாரி அபவுட் த லேண்ட்.’

பிழை இல்லை. இப்பவும் இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் காட்டேலாது. ஆனால் பதில் இப்படி வந்தது: நீங்கள் வாய்மூலம் பேசியதாக மட்டுமே குறிப்பிட்டிருக்கிறீர்கள், எழுத்துமூல முறைப்பாடு ஏதும் செய்யப்படாததால் முதலில் அதைச் செய்யவும். மாமி விதானையாரிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்து அப்ப ஒரு வருசத்துக்கு மேல். அதன் பிரதி அவவிடம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. நான் அதைக் கேட்கவுமில்லை, இணைக்கவுமில்லை. அது என் பிழை, ‘ஒன்லி’யின் பிழை இல்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டது ‘ஒன்லி’.

அந்த வசனத்தைத் திரும்ப வாசியுங்கோ, இந்தமுறை சத்தமாக. ‘ஸ்போக்’கை அழுத்தினால்: பேசினேன், எழுதவில்லை. ‘கிராம நிலதாரி’யை அழுத்தினால்: அவரோடு மட்டும், வேறு யாரோடும் இல்லை. ‘லேண்ட்’டை அழுத்தினால்: காணியைப் பற்றி மட்டும், வேறொன்றைப் பற்றியும் இல்லை. கதைக்கும்போது குரல் எதை அழுத்துகிறதோ அதில் போய் ‘ஒன்லி’ ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் கதைக்கிறவர்கள் அதை நாள் முழுக்க வினைக்கு முன்னால் வைத்துத்தான் கதைக்கிறார்கள், ஒருத்தருக்கும் குழப்பம் வாறதில்லை. தாளில் அந்தக் குரல் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் தனக்கு வேலை குறைவான கருத்தை எடுத்துக்கொண்டார்.

‘ஐ ஸ்போக் ஒன்லி டு த கிராம நிலதாரி’ என்று அந்த ஒழுங்கைக்குள், முன்னிடைச்சொல்லுக்கு முன்னால் வைத்திருந்தால் அந்தக் கருத்துக்கு இடமே இருந்திருக்காது. மாமிக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இதில் என்னைக் கடிக்கிற விசயம், மாமி எனக்குத் தமிழில் ஒரு குழப்பமும் இல்லாமல் தந்தா. ‘விதானையாரோட மட்டும்தான்.’ ‘மட்டும்’ எதில் ஒட்டவேணுமோ அதில் ஒட்டித் தந்தா. தமிழில் அப்படித்தான் செய்யவேணும், வேற வழியில்லை. ‘காணி விசயமா மட்டும் கதைச்சன்’, ‘விதானையாரோட மட்டும் கதைச்சன்’, ‘கதைக்க மட்டும்தான் செய்தன்’. மூன்று வேறு வேறு வசனங்கள், பள்ளிக்கூடம் போகாத ஆச்சிகூட மாற்றிச் சொல்ல மாட்டா. எந்தச் சொல்லில் எதை ஒட்டுவது என்ற இந்த அறிவு எங்கட பிள்ளைகளிடம் பால்குடியிலேயே இருக்கு. ஆங்கில வகுப்பில் அதைக் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு, கட்டம் கீறி ‘முன், நடு, கடைசி’ என்று பாடமாக்க வைக்கிறோம். பிறகு தமிழில் யோசிக்காதே என்று ஏச்சு வேறு.

இப்படி எழுதுவதால் ‘ஒன்லி’யை எப்பவும் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் வைக்கவேணும் என்று புது விதி போட நான் வரேல்ல. அந்தச் சண்டை ஆங்கிலத்தில் பழையது. ஆங்கிலப் பாவனை பற்றி 1926 இல் அகராதி எழுதிய பவுலர், தேவையில்லாமல் ‘ஒன்லி’யை இழுத்து இழுத்து இடம் மாற்றுகிறவர்களை நக்கலடித்திருக்கிறார். குழப்பம் வராத இடத்தில் அது இயல்பாக வினைக்கு முன்னால் நிற்கட்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான், கடிதம் கொழும்புக்குப் போகாத வரைக்கும்.

வினையடைக்கு ஒரே இடம்தான் என்று நம்புகிறவர்கள் எங்கட ரியூசனில் மட்டும் இருக்கினம் என்றும் நினைக்கவேண்டாம். 2009 ஜனவரி 20, பராக் ஒபாமா பதவியேற்கிறார். சத்தியப்பிரமாண வாசகம் அமெரிக்க அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது, அதில் ‘பெய்த்புல்லி’ என்ற சொல் ‘எக்ஸிகியூட்’ என்ற வினைக்கு முன்னால் நிற்கிறது. பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ் தாள் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல்லைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டார், போதாக்குறைக்கு ஒரு முன்னிடைச்சொல்லையும் மாற்றிச் சொன்னார். ஒபாமா பாதியில் நின்றார். அடுத்தநாள் வெள்ளை மாளிகையில் எதற்கும் இருக்கட்டும் என்று திரும்ப ஒருமுறை எடுத்தார்கள். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அந்தக் கிழமை நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார்: துணைவினைக்கும் பிரதான வினைக்கும் நடுவில் வினையடை வரக்கூடாது என்ற ஆதாரமில்லாத பழைய நம்பிக்கைதான் நீதியரசரின் நாக்கைத் தன்னையறியாமல் திருத்த வைத்தது என்று. அவர் சொன்னது சரியோ தெரியாது, ஆனால் வாசித்தபோது எனக்கு அந்தச் சிவப்புப் பேனைதான் கண்ணுக்குள் வந்தது.

இன்னொரு வகை இருக்கு, அது கொஞ்சம் ஆபத்தானது. ‘ஹி பூலிஷ்லி ஸ்போக் டு த பொலிஸ்’ என்றால், பொலிசோடு கதைக்கப் போனதே முட்டாள்வேலை என்று எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்கிறார். ‘ஹி ஸ்போக் பூலிஷ்லி டு த பொலிஸ்’ என்றால், போனது சரி, கதைத்த விதம்தான் முட்டாள்தனம். ‘டெலிபரேட்லி’, ‘கெயார்புல்லி’ போன்ற சொற்களிலும் இந்த நிழல் கொஞ்சம் விழும். இங்கே தமிழும் உதவாது, ‘முட்டாள்தனமா பொலிசோட கதைச்சான்’ எங்களுக்கும் ரெண்டு பக்கமும் போகும். வாக்குமூலங்கள் மொழிபெயர்க்கிற வேலைக்குப் போகிற எங்கட ஆக்கள் நிறையப்பேர் இருக்கிறோம். அவர்களுக்கு இது பாடத்திட்டத்தில் ஒரு வரி இல்லை, ஒரு ஆளின்ர நடத்தை.

சிங்களத்தில் ஆங்கிலத்தை ‘கடுவ’ என்பார்கள், வாள். தெரிந்தவன் கையில் இருக்கிற வாள், தெரியாதவனை வெட்டுகிற வாள். எனக்கு அந்தச் சொல் சரியாகத்தான் படுகிறது. ஆனால் எங்கட வகுப்புகளில் அந்த வாளால் எப்படிக் காய் வெட்டுவது என்று சொல்லித் தருவதில்லை. பிடியை எந்த விரலால் பிடித்தாய் என்று பார்த்துக் கையில் அடிப்பதுதான் நடக்கிறது. அப்படி வளர்ந்த பிள்ளை ஒரு வினையடையைப் பார்த்ததும் யோசிப்பது ‘இது பிழையா’ என்பதைத்தான். ‘நான் என்ன சொல்ல வாறன்’ என்பது பிறகு, அனேகமாக வராமலே போய்விடும். அதனால்தான் ஏ.எல். முடித்துக் கெம்பஸ் வந்தும் நாங்கள் வினையடையே இல்லாத ஆங்கிலம் எழுதுகிறோம். ஐ வென்ட். ஐ சோ. ஐ கேம். பாதுகாப்பான ஆங்கிலம்.

கடைசியாக ஒன்று. என் சிநேகிதன் ஒருவன் தன் அம்மம்மாவின் கதையைப் பதிவு செய்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான், கனடாவில் பிறந்த மச்சாள்மார் வாசிக்கவேணும் என்று. 2009 ஜனவரியில் அவர்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போனது. அம்மம்மா சொன்னது: “விசுவமடுவில இருந்து கிட்டத்தட்டப் புதுக்குடியிருப்பு மட்டும் நடந்துதான் போனனாங்கள்.” (இந்த ‘மட்டும்’ வேற ‘மட்டும்’. ‘வரைக்கும்’ என்று அர்த்தம். வெளியூர் ஆக்களுக்காகச் சொல்கிறேன்.) அவன் எழுதியிருந்தான்: ‘வி ஓல்மோஸ்ட் வோக்ட் டு புதுக்குடியிருப்பு.’

நான் வாசித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். “டேய், இது நடந்ததெண்டு வரேல்ல. நடக்கப் பாத்தம், ஆனா நடக்கேல்ல எண்டு வருது.” அவன் நம்பேல்ல. ‘வி ஓல்மோஸ்ட் மிஸ்ட் த பஸ்’ என்றால் பஸ்ஸை விட்டதா பிடித்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். வினைக்கு முன்னால் நின்ற அந்த ஒரு சொல், அந்தக் கிழவி பிள்ளைகளையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடந்த வழி முழுவதையும் நடக்காததாக்கிவிட்டது. முன்னால் வைப்பது பாதுகாப்பு என்று மேலே நானே சொன்னேன், ‘ஸ்லோலி’க்கும் ‘குயிக்லி’க்கும் அது சரி. ‘ஓல்மோஸ்ட்’ தனக்கு அடுத்து நிற்பதைத்தான் பிடிக்கும். வினைக்கு முன்னால் வைத்தால் வினையையே பிடித்துவிடும்.

‘வி வோக்ட் ஓல்மோஸ்ட் ஓல் த வே டு புதுக்குடியிருப்பு’ என்று மாற்றினான். மாற்றிவிட்டுத் திரும்பத் தமிழாக்கி அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினானாம், சரியோ எண்டு கேட்க.

“கிட்டத்தட்ட எண்டு போட்டியோ? வேண்டாம் அப்பு, அதை எடு. சந்தி மட்டும் நடந்துதான் வந்தனாங்கள்” எண்டாவாம்.

எடுத்துவிட்டான்.